மூணாம் டவரின் காலடி

வெள்ளைப்பாத்தியில் பிறந்த பிள்ளைகள் எந்த ஊருக்குப் போய்த் தங்கினாலும், ஒரு உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரத்துக்குள் அங்கே கரண்ட் போய்விடும் என்பது முதன்முதலில் தெரியவந்தது திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான். தாய்மாமன் கல்யாணத்துக்கு வந்திருந்த நாலு வயதுப் பையன் முதல் பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரியைக் கையில் எடுக்கவும் மண்டபத்து விளக்குகள் அணைந்தன, மேளக்காரர்களின் மைக் அணைந்தது, ஜெனரேட்டரைப் போட்டார்கள், அதுவும் இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்தது, வீடியோக்காரர் தன் பேட்டரி விளக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சாமி கும்பிட ஆரம்பித்தார். பயந்து அழுத பையனுக்கு ஐஸ் வாங்கித் தர அவனுடைய அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு போனதும் எல்லாம் எரிந்தன, திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்தன. இப்படி மூன்று தடவை ஆனபிறகுதான் பெரியவர்களுக்கு உறைத்தது. தாலியை ஜன்னல் வெளிச்சத்தில் கட்டினார்கள். பையன் மூன்று ஐஸ் தின்ற சந்தோஷத்தில் தூங்கிப்போனான்.

உலகம் இதற்கெல்லாம் பழகிக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளாது. லைன்மேன்கள் தங்கள் நோட்டில் மின்தடைக்குக் காரணம் எழுதும் இடத்தில் மரக்கிளை, காக்கா, மழை என்று எழுதுவதைப்போலவே 'குழந்தை' என்றும் எழுதப் பழகினார்கள். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையோடு நேரில் வந்து, காப்பி குடித்து, எழுந்திருக்கும்போது, பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம்லா, அவங்கள அலைக்கழிக்க வேண்டாமே என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தூத்துக்குடி லாட்ஜுகளில் பெயர், ஊர் கேட்டபிறகு, பிள்ளை எங்கே பிறந்தது என்று தனியாக ஒரு கேள்வி கேட்டார்கள். பக்கத்து ஊர்க் கோயில் கொடையில் ரேடியோ செட்டின் சத்தம் தாங்காத ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் ரகசியமாக ஆள் அனுப்பி, ஒரு வெள்ளைப்பாத்திப் பிள்ளையைக் கூட்டிவரச் செய்து, முறுக்கும் கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்துத் தன் வீட்டு வாசலில் சாயங்காலம் முழுக்க உட்கார வைத்துக்கொண்டார். பழகிக்கொண்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். வெள்ளைப்பாத்திக்காரர்களுக்கு என்ன, அவர்கள் ஊருக்குள் கரண்ட் போனதே கிடையாது, புயலடித்த வருஷத்தில்கூடக் கிடையாது.

ஏன் இப்படி என்று கேட்டால் அவர்கள் மூணாம் டவரைக் கைகாட்டுவார்கள். முன்பு அந்த ஊர் முழுக்க உப்பளம். பிள்ளை பிறந்து தொப்புள்கொடி காய்ந்து விழுகிற அன்று, அதை மஞ்சள் துணியில் முடிந்து, ஒரு கைப்பிடி உப்போடு, தான் வேலை பார்க்கிற பாத்தியின் வரப்பில் தகப்பன் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வருவான். கொடி கிடக்கிற மண்ணைப் பிள்ளை மறக்காது என்பது நம்பிக்கை. பிறகு நாட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்று சொல்லி அனல் மின்நிலையம் வந்தது. கப்பலில் கரி வந்தது, கரி எரிந்து சாம்பலானது, சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டுவதற்குப் பாத்திகள் எல்லாம் சாம்பல் குளமாயின. வரப்பும் போயிற்று. அப்புறம் பிறந்த பிள்ளைகளின் கொடியை எங்கே புதைப்பது? சாம்பலில் புதைத்தால் அது சுடுகாட்டுக் காரியம் மாதிரி இருக்கிறதே என்று தகப்பன்மார் தயங்கினார்கள். ஊரில் மிச்சமிருந்த ஒரே மண், நிலையத்திலிருந்து கம்பிகளைத் தூக்கிக்கொண்டு வடக்கே போகிற டவர்களில் மூன்றாவதின் காலடியில், மேடாகக் கொட்டி இறுக்கியிருந்த செம்மண்தான். வேலியும் ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. டவரைப்போல உயரமாக வளரட்டும் என்று தங்களுக்குத் தாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒருவரைப் பார்த்து ஒருவராக, நாற்பத்து மூன்று தகப்பன்மார் நாற்பத்து மூன்று கொடிகளை அங்கே புதைத்தார்கள். நல்லது நினைத்துச் செய்ததுதான். இந்தத் தப்பைச் செய்ய உலகத்தில் வேறு எந்த ஊராலும் முடியாது.

தோண்டி எடுத்தால் என்ன என்று கேட்காமல் இல்லை. லிங்கத்துரை என்று ஒருவன், மகனை வெளியூர் விடுதியில் சேர்க்க ஆசைப்பட்டு, கடப்பாரையும் அரிவாளுமாகப் போய்த் தோண்டினான். கொடிகள் மக்கவில்லை. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, தோணிக் கயிறு கனத்துக்கு ஒரே கொடியாகி, டவரின் இரும்புக் காலைச் சுற்றி இறங்கியிருந்தன. இதில் எது தன் மகனுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பிரியைப் பிடித்து அரிவாளை வைத்தான், அவ்வளவுதான், பள்ளிக்கூடத்திலும் தொட்டிலிலும் தெருவிலும் இருந்த நாற்பத்து மூன்று பிள்ளைகளும் தொப்புளைப் பிடித்துக்கொண்டு அலறிய அலறலில் ஊரே ஓடிவந்தது. லிங்கத்துரை மண்ணை மூடி, ஒரு பாக்கெட் பாலை வாங்கி வந்து மேலே ஊற்றிவிட்டு, அதற்கப்புறம் யார் கண்ணையும் பார்த்துப் பேசுவதில்லை.

பேச்சிக்கனிக்கும் இந்த வேடிக்கைகளை நினைத்துச் சிரிப்பு வந்த காலம் ஒன்று இருந்தது. அவளுடைய மகள் பவிஷாவுக்கு மூன்று வயதில் இளைப்பு வந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. வெயில் ஏறினால் சாம்பல் குளத்தின் மேல்பரப்பு காய்ந்து காற்றோடு கிளம்பும்; காயப்போட்ட துணியில், மாவுச் சட்டியில், தூங்குகிற பிள்ளையின் இமையில் எல்லாம் மெல்லிசாக வந்து உட்காரும். பேச்சிக்கனி ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வீடு கூட்டினாள். பவிஷாவின் மூச்சு மாலை நேரங்களில் ஓட்டைப் பலூன்போலக் கீச்சிட ஆரம்பிக்கும். உடனே கரண்டில் ஓடுகிற ஆவி மெஷினைப் போட்டு, மருந்து ஊற்றி, பிளாஸ்டிக் மூடியை மூக்கிலும் வாயிலும் சேர்த்து வைத்து ஆவி பிடிக்க வேண்டும். டாக்டர் நல்ல மனுஷர். "மருந்த நான் எழுதித் தரலாம், காத்த எழுதித் தர முடியாதும்மா. இந்தப் பிள்ளைய வேற ஊர்ல வச்சு வளங்க," என்றார்.

அவளுடைய வீட்டுக்காரன் சேர்மதுரை நிலையத்தில் கரி பெல்ட்டைச் சுத்தம் செய்கிற ஒப்பந்தக் கூலி. அதிகம் பேசாதவன். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "தென்காசிக்குப் போவோம். ஒங்க அக்கா இருக்காவல்லா," என்றான். "கரண்ட் போவுமே?" என்று இவள் கேட்டாள். "போவட்டும். மனுஷன் கரண்டு இல்லாம வாழலையா?"

அக்கா சந்தனக்கனிக்கும் அவள் புருஷன் முப்பிடாதிக்கும் பிள்ளை இல்லை. சைக்கிள் பஞ்சர் கடையும், பின்னால் ஒரு கொய்யா மரமும், வீடு நிறையப் பிரியமும் இருந்தன. தங்கச்சி குடும்பத்துக்குத் தங்கள் தெருவிலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். சாரல் காற்று அடித்த முதல் நாளில் பவிஷா இருமாமல் தூங்கினாள். பேச்சிக்கனி பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தச் சத்தமில்லாத மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இளைப்பு வந்ததிலிருந்து தன் மகளின் மூச்சைக் கேட்காமல் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. இப்போது கேட்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கு அவ்வளவு பெரிய சுகமாக இருந்தது.

தெருவில் கரண்ட் இல்லை. முதல் நாள் டிரான்ஸ்பார்மர் என்றார்கள், இரண்டாம் நாள் லைன்மேன் வந்து ஏறி இறங்கினார், மூன்றாம் நாள் அவர் கம்பத்தில் ஏறாமல் நேராக வீட்டு வாசலுக்கே வந்து, பவிஷாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அந்தத் தெருக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. மோட்டார் மெஷினில் தைத்துப் பிழைக்கிற ஒரு அம்மாள், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பையனுடைய அப்பா, ஐந்து படி அரிசியை ஊறப்போட்டுவிட்டு கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த இட்லி மாவு வியாபாரி, மூவரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். தையற்கார அம்மாள்தான் பேசினாள். "நாங்க போகச் சொல்லலம்மா. எப்பம் போவீங்கன்னுதான் கேக்கோம்."

ஒன்பதாம் நாள் குளிர்காற்றோ எதுவோ ஒத்துக்கொள்ளாமல் பவிஷாவுக்கு மூச்சு கட்டிக்கொண்டது. மெஷின் ஓடாது. வாயில் வைத்து அடிக்கிற பம்பு கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கியது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துச் சோறு வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, வார்டு அணைந்தது, ஜெனரேட்டர் அணைந்தது, கண்ணாடிப் பெட்டிகளில் பச்சைப் பிள்ளைகள் கிடக்கிற அறையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் அந்த வேப்ப மரத்துக்குத் தள்ளிப் போயிருதியளா? உள்ள ஏழு பிள்ளைங்க இருக்குதுக்கா." பேச்சிக்கனியும் ஒரு தாய்தானே, மகளை வாரிக்கொண்டு வெளியே போனாள். காம்பவுண்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பவிஷாவுக்கு ஊசி போட்டார்கள், சாயங்காலம் வரைக்கும் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள், பிழைத்தாள். நல்ல காற்றில் மெஷின் ஓடாது, மெஷின் ஓடுகிற இடத்தில் நல்ல காற்று கிடையாது. பதினோராம் நாள் அவர்கள் வெள்ளைப்பாத்திக்குத் திரும்பினார்கள். தெருவே வந்து பஸ் ஏற்றிவிட்டது, இட்லி மாவு வியாபாரி கண் கலங்கினார்.

சேர்மதுரை அதோடு விடவில்லை. இன்னும் கரண்டே வந்து சேராத மலையூர் ஏதாவது இருந்தால் அங்கே யாருக்கும் நம்மால் தொந்தரவு இருக்காது, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்தால் போதும் என்று லீவு நாட்களில் விசாரித்துக்கொண்டு அலைந்தான். ஒரு கரண்ட் ஆபீஸ் குமாஸ்தா அவனைப் பரிதாபமாகப் பார்த்து, "எந்த உலகத்துல இருக்க நீ? நாட்டுல கரண்ட் இல்லாத ஊரே இல்லன்னு அறிவிச்சாச்சுல்லா. எல்லாம் ஒங்க ஊர்லருந்து போறதுதான்," என்றார். சேர்மதுரை வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது பேச்சிக்கனி அடுப்படியில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது.

அவளுக்கு ஆறு மாதமாக இருக்கும்போது தலைநகரிலிருந்து கருத்துக் கேட்க அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, திரையில் நான்கு படங்கள் காட்டினார்கள். கறுப்பில் கரி, மஞ்சளில் அணு, நீலத்தில் காற்று, ஆரஞ்சில் சூரியன். கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவர் மிக மரியாதையாகப் பேசினார். "நாடு ஒரு முக்கியமான முடிவை எடுக்கப்போகிறது. கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடப் போகிறோம். அதற்குப் பதிலாக எது வரலாம் என்பதில் உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்." நாட்டின் முடிவுகள் அந்த ஊருக்கு எப்போதும் பந்தலோடும் பிஸ்கட்டோடும்தான் வரும்.

"கரி போனா சாம்பலும் போவுமா?" என்று யாரோ கேட்டார்கள். இருக்கிற சாம்பல் இருக்கும், புதிதாகக் கொட்ட மாட்டோம், அதன்மேலேயே சூரியத் தகடு பதிக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது என்றார் அதிகாரி. வேலை இருக்குமா என்று கேட்டார்கள். பயிற்சி தருவோம் என்றார். பேச்சிக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்பது ஊருக்குத் தெரியும்.

"எது வந்தாலும் சரி சார். மூணாம் டவர எடுப்பியளா?"

அதிகாரி வரைபடத்தைப் புரட்டி, விரலை வைத்துத் தேடி, நல்ல சேதி சொல்கிறவரின் முகத்தோடு நிமிர்ந்தார். "டவர் எங்கேயும் போகாதும்மா, பயப்படாதீங்க. கரியோ அணுவோ காற்றோ வெயிலோ, எதுவானாலும் கம்பி வழியாகத்தானே போகணும்? மூணாம் டவரை இன்னும் பலமாக்கப் போகிறோம். அடுத்த நூறு வருஷத்துக்கு அசையாது." கூட்டம் கலைந்தது. மூன்றாம் டவரின் பாதுகாப்பில் பொதுமக்கள் மிகுந்த அக்கறை தெரிவித்தனர் என்று அவர்கள் தங்கள் அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதே பேச்சிக்கனி முடிவு செய்துவிட்டாள். வயிற்றில் இருக்கிறதையாவது இந்த இரும்புக் காலில் கட்டக்கூடாது. ஏழாம் மாதமே பவிஷாவைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, மெஷினில் எத்தனை சொட்டு மருந்து ஊற்ற வேண்டும் என்று அவனுக்குச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்துவிட்டு, தனியாகத் தென்காசிக்குப் போனாள். அக்கா வீட்டில் இருந்தாள், விளக்குகள் எரிந்தன. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள், விளக்குகள் எரிந்தன. பெண் குழந்தை. எட்டாம் நாள் கொடி விழுந்தது. தகப்பன் வர முடியாததால் முப்பிடாதி அதை மஞ்சள் துணியில் முடிந்து, உப்போடு, பின்வாசல் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். சோறு வடிக்கிற நேரம் ஆயிற்று, இரண்டு சோறு வடிக்கிற நேரம் ஆயிற்று, கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது, இட்லி மாவு வியாபாரி எட்டிப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். பேச்சிக்கனி மின்விசிறிக்குக் கீழே நின்று அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு அழுதாள். தன் பிள்ளைகளில் ஒன்றாவது உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்து அழுத அழுகை அது. பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

முப்பது நாள் கழிந்து, பவிஷாவுக்குத் தங்கச்சியைக் காட்ட ஊருக்கு வந்தாள். நிவிஷா என்று பெயர் வைத்திருந்தார்கள். பவிஷா குழந்தையின் காலை எண்ணிப் பார்த்தாள், விரலை எண்ணிப் பார்த்தாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் சீனி கொண்டுவந்து வாயில் போட்டார்கள். ஒரு உலை கொதித்து இறங்கும் நேரத்தில் வெள்ளைப்பாத்தியில் கரண்ட் போனது.

எண்பது வீடுகளிலும் மின்விசிறிகள் நின்றன. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் கரண்ட் போய்ப் பார்த்திராத பிள்ளைகள் சுவிட்சுகளை மாற்றி மாற்றித் தட்டினார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அப்புறம் எல்லோரும் பேச்சிக்கனி வீட்டைப் பார்த்தார்கள். கொடி எந்த மண்ணில் கிடக்கிறதோ அந்த மண்ணோடுதான் கரண்டும் இருக்கும் என்பது அவர்கள் தினமும் வாழ்கிற விஷயம்தான். இந்த ஊர்ப் பிள்ளையின் கொடி வெளி மண்ணில் கிடந்தால் இந்த ஊரில் கரண்ட் நிற்காது என்று அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. கூட்டத்தையும் புழுதியையும் கண்டு பவிஷாவுக்கு மூச்சு கீச்சிட ஆரம்பித்தது. சேர்மதுரை மெஷினைத் தட்டினான், அது கல்லாக இருந்தது. அவன் கைக்குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக்கட்டி, ஊர் எல்லையிலுள்ள சாம்பல் ஓடைப் பாலம் வரை ஓடினான். அவன் பாலத்தைத் தாண்டியதும் இங்கே மெஷின் உறுமியது. பவிஷாவுக்கு மூடியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த பேச்சிக்கனிக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது.

அதற்கப்புறம் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை என்னவென்று சொல்வது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நிழற்குடையில் தாயும் கைக்குழந்தையும், இந்தப் பக்கம் வீட்டில் தகப்பனும் மூத்தவளும். கொஞ்ச நாள் அங்கே, கொஞ்ச நாள் தென்காசியில் என்று பேச்சிக்கனி பஸ்ஸிலேயே பாதி வாழ்ந்தாள். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் குழந்தையோடு வீட்டுக்கு வந்து போகலாம் என்று முடிவு செய்து, அதற்குள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுக்கொண்டார்கள், மாவு அரைத்துக்கொண்டார்கள், சீரியல் பார்க்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். "பேச்சி பிள்ள வார நேரம்" என்று அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் எண்பது வீடும் இருண்டு உட்கார்ந்திருக்க, அக்காளும் தங்கச்சியும் ஒரு பாயில் கிடந்து விளையாடினார்கள்.

தென்காசியில் அக்கா ஒரு நாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஏட்டி பேச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. இவ இங்கனயே இருக்கட்டும். நாங்க வளக்கோம். நீ நெனச்சப்பம் வந்து பாத்துக்கோ."

பேச்சிக்கனிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சரி என்று அவளுக்கே தெரியும். நல்ல காற்று, நல்ல மனுஷர்கள், எந்த ஊரிலும் விளக்கெரிய வாழக்கூடிய வாழ்க்கை. "யோசிக்கேன்க்கா," என்றாள். அந்த வாரம் முழுவதும் யோசித்தாள், சரி என்றே சொல்லிவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம் என்று குழந்தையோடு வெள்ளைப்பாத்திக்குப் பஸ் ஏறினாள்.

பவிஷா பாலத்துக்கே வந்து நின்றிருந்தாள். ஆறு வயதுக்கு அவள் உயரம் குறைவு, ஆனால் அன்று பெரிய மனுஷிபோல நின்றாள். "எம்மா, நானே மெஷின் போட்டுக்கிடுதேன். அப்பா வேலைக்குப் போயிருந்தப்பம் நானே மருந்து ஊத்தி, நானே மாட்டி, நானே ஆஃப் பண்ணிட்டேன். ஆறு சொட்டு. நீ பாப்பா கூடயே இருந்துக்கோ," என்றாள். அம்மாவுக்கு ஒரு உதவி செய்துவிட்ட பெருமையில் அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது.

பேச்சிக்கனி பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கல்லாக்கி வைத்திருந்த மனசு அந்த இடத்திலேயே பொடிப்பொடியாகிப்போனது.

மறுநாள் காலையில் அவள் தென்காசிக்குத் திரும்பிப்போய், யாரிடமும் கேட்காமல், கொய்யா மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கரண்டியால் மண்ணைப் பறித்தாள். மஞ்சள் துணி சாயம்கூடப் போகாமல் இருந்தது. உள்ளே கொடி ஈரமாக, தனியாக, கொய்யா வேரின் பக்கம் நூல்போல ஒரு வெள்ளை முளை விட்டிருந்தது. சந்தனக்கனி பின்வாசலில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி, ஒரு பிள்ளையாவது நல்லாருக்கட்டுமேட்டி."

"ஒரு பிள்ளையாவதுன்னுதான்க்கா நானும் நெனச்சேன்," என்றாள் பேச்சிக்கனி. "ஒரு பிள்ளைய மட்டும் எப்படிக்கா நெனைக்க?"

அக்கா உள்ளே போய் ஒரு புதுத் துணி எடுத்து வந்து, கொடியை வாங்கி, முளை ஒடியாமல் சுற்றி, தங்கச்சியின் இடுப்பில் செருகிவிட்டாள்.

மூணாம் டவருக்குப் பேச்சிக்கனியும் சேர்மதுரையும் அடுத்த நாள் மத்தியானத்தில் போனார்கள். ஊர் முழுக்கத் தூரத்தில் நின்றது. செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. பலப்படுத்துகிறோம் என்று சொன்னவர்கள் டவரின் நான்கு கால்களுக்கும் புதிதாகச் சிமெண்ட் போட்டிருந்தார்கள், ஒரு காலின் ஓரத்தில் மட்டும் கையகல மண் மிச்சமிருந்தது. ஒரு கைப்பிடி உப்பு வேண்டும். உப்பு விளைந்த ஊரில் இப்போது உப்பு ஏது, லிங்கத்துரைதான் கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, முதல் தடவையாகப் பேச்சிக்கனியின் கண்ணைப் பார்த்து நீட்டினான். சேர்மதுரை குழி பறித்தான். கொடியை உள்ளே வைக்கவேண்டிய நேரத்தில் அவன் கை எழும்பவில்லை. "என்னால முடியலளா," என்றான். பேச்சிக்கனிதான் வைத்தாள். அவள் விரல்கள் மண்ணுக்குள் எதையோ தொட்டன, வெதுவெதுப்பான, தடித்த, மெல்லத் துடிக்கிற ஒன்று. அது வெளியே வந்து வாங்கிக்கொள்வதைப்போல நிவிஷாவின் கொடியை மெதுவாகச் சுற்றிக்கொண்டது. மண்ணை மூடினாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம், அது தகப்பன்மாருக்குச் சொன்னது. அவள் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தாள். டவர் நின்றது, கம்பிகள் வடக்கே போயின.

அன்று ஐந்து மணிக்கும் கரண்ட் போகவில்லை, ஆறு மணிக்கும் போகவில்லை. ஊர்க்காரர்கள் புதிதாகப் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருவதைப்போல மறுபடியும் சீனி எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாற்பத்து நாலு என்றார்கள். தண்ணீர் மோட்டாரை நினைத்த நேரத்தில் போட முடிகிற நிம்மதி எல்லோர் முகத்திலும் இருந்தது, அதை மறைத்துக்கொள்கிற நாகரிகமும் இருந்தது. அக்காளும் தங்கச்சியும் ஒரே பாயில் தூங்கினார்கள். பேச்சிக்கனி நடுவில் படுத்து, இரண்டு மூச்சையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். ஒன்று கீச்சிட்டது. ஒன்று சத்தமே இல்லாமல் இருந்தது. அவள் தூங்கவில்லை என்றாலும் அவ்வளவு சந்தோஷமாகக் கிடந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனி மாதம் காற்று எழுந்தது. சாம்பல் குளத்தின்மேல் சூரியத் தகடு பதிக்கிற வேலையை ஆரம்பித்திருந்தார்கள், லாரிகள் போய்வந்து மேல்பரப்பெல்லாம் பிளந்து கிடந்ததால் எந்த வருஷத்தையும்விட அதிகமாகச் சாம்பல் கிளம்பியது. ஒரு சாயங்காலம் தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பூனைக்குட்டி தும்மியதோ என்று நினைத்தான் சேர்மதுரை. பேச்சிக்கனி அப்படி நினைக்கவில்லை. அந்தச் சத்தம் எப்படி ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த விளக்குமாற்றோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

பவிஷாதான் எழுந்தாள். தன் மூடியைக் கழுவித் துடைத்தாள், ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, தொட்டிலுக்குள் குனிந்து, அழுகிற தங்கச்சியின் மூக்கிலும் வாயிலும் அதைச் சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல பயமாத்தான் இருக்கும் பாப்பா," என்றாள். "பெறவு பழகிரும். எம்மா, சுவிட்சப் போடு."

பேச்சிக்கனி போய்ச் சுவிட்சைப் போட்டாள். கரண்ட் இருந்தது.